அம்மா கூலி வாங்கித்தான் தைச்சா

எங்க அம்மாவைத் தொற்காள்னு யாராவது சொன்னா அவளுக்குச் சுத்தமா பிடிக்காது. பைபிள் பழக்கம் இல்லாதவங்களுக்காகச் சொல்றேன், அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்துல யோப்பா பட்டணத்துல ஒரு பொம்பள வர்றா, தபீத்தாள்னும் பேரு, விதவைங்களுக்கு அங்கி தைச்சுக் குடுத்தவ, அவ செத்ததும் அந்த விதவைங்க எல்லாம் அவ தைச்ச துணிமணியைத் தூக்கிக் காட்டி அழுவாங்க, பேதுரு வந்து ஜெபம் பண்ணி எழுப்புவாரு. நம்ம சபைகள்ல வீட்ல தையல் மிஷின் வெச்சிருக்கிற எந்தப் பொம்பளைக்கும் தலை நரைச்சதும் இந்தப் பட்டம் தானா வந்து ஒட்டிக்கும். அம்மா கேப்பா, "ஏல, அந்தம்மாவுக்கு நூலு வாங்க காசு எங்கருந்துல வந்துச்சு? அத எழுதலியே."

அவளுக்குப் பிடிச்சது நீதிமொழிகள் 31. குணசாலியான ஸ்திரீ பத்தின அதிகாரம், அன்னையர் தினம் வந்தா எல்லா சர்ச்சுலயும் இதைத்தான் எடுப்பாங்க, ஆனா விடியுமுன்ன எழுந்து சோறாக்குறா, ராத்திரி விளக்கு அணையாம உழைக்கிறா, இதைத்தான் அரை மணி நேரம் இழுப்பாங்க. அதே அதிகாரத்துல அந்தம்மா துணி செஞ்சு விக்கிறா, வியாபாரிகிட்ட சரக்கு போடுறா, தன் கையால சம்பாதிச்ச காசுல திராட்சத்தோட்டம் போடுறா. 16ஆம் வசனம், 24ஆம் வசனம், வேணும்னா எடுத்துப் பாருங்க. "அதையும் ஒருநா பிரசங்கத்துல பேசுங்க ஐயா"ன்னு ஒரு பாஸ்டர்கிட்ட நேராவே சொல்லியிருக்கா. அவர் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

2023ல, 91 வயசுல அம்மா இறந்தா. அடக்க ஆராதனையில செய்தி என்னன்னு நினைக்கிறீங்க, தொற்காள்தான். "இந்தத் தாயார் காசு பணம் எதிர்பாராம கர்த்தருக்காகத் தைத்தவர்கள்"னு ஐயர் (எங்க பக்கத்துல பாஸ்டரை ஐயர்னுதான் சொல்றது) உருகி உருகிப் பேசுறாரு, முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற எங்க அக்கா என் கையைக் கிள்ளுறா. பின்னாடி திரும்பிப் பாத்தா பாதிப் பேரு அம்மாகிட்ட கூலி பேரம் பேசினவங்க, அதுல ரெண்டு பேரு பாக்கி வேற வெச்சிருக்காங்க, எல்லாரும் பயபக்தியா தலையாட்டுறாங்க. எனக்கு அழுகையும் வரல, கோவம்தான் வந்துச்சு. அந்தக் கோவத்துலதான் இதை எழுதவே ஆரம்பிச்சேன், எழுத எழுத கொஞ்சம் ஆறிப்போச்சு.

அம்மா பொறந்தது 1932ல, திருநெல்வேலி ஜில்லாவுல இடையன்குடி பக்கம். செம்மண் தேரி, பனைமரம், நடந்தா கால் பொள்ளுற மணல். மிஷனரி கால்டுவெல் இருந்த ஊர், அவர் 1847ல ஆரம்பிச்சு 1880லதான் முடிச்ச பெரிய கோயில்லதான் அம்மாவுக்கு ஞானஸ்நானம். கால்டுவெல்லை ஒப்பிலக்கணத்துக்காக எல்லாரும் கொண்டாடுறோம், சரிதான், ஆனா எங்க வீட்ல அவரு சம்சாரம் எலைசா அம்மா பேருதான் ஜாஸ்தி அடிபடும். அந்தம்மாதான் இடையன்குடியில பெண்பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுத்தது. தலையாணி மேல மாதிரித் தாளை வெச்சு, குண்டூசி குத்தி, மரக்கட்டையில சுத்தின நூலை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற வேலை. எலைசாவோட அம்மா மார்த்தா மால்ட், நாகர்கோவில்ல 1820கள் வாக்குல லேஸ் பள்ளிக்கூடம் நடத்தினவங்க, அப்ப திருவிதாங்கூர்ல அடிமைத்தனம் இருந்துச்சு, அங்க படிச்ச அடிமைப் பெண்பிள்ளைங்க லேஸ் பின்னின காசைச் சேத்து வெச்சு தங்களையே விலை குடுத்து மீட்டுக்கிட்டாங்கன்னு மிஷன் வரலாற்றுல வருது. அம்மாவுக்கு அவளோட ஆச்சி சொன்ன கதைகள்ல அவ அடிக்கடி திருப்பிச் சொன்னது இது ஒண்ணுதான். நான் சின்ன வயசுல கேட்டப்ப ஏதோ பைபிள் கதைன்னு நெனச்சேன்.

இன்னொரு கதையும் உண்டு, அது ஆச்சியோட அம்மா காலத்துது, அவங்க நெய்யூர் பக்கம். திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மாரை மறைச்சு ஜாக்கெட் போடக்கூடாதுன்னு அடிச்சுக் கிழிச்ச காலம், மிஷனரி அம்மாமாரு குப்பாயம்னு ஒரு தொளதொள சட்டை தைக்கச் சொல்லிக்குடுத்தாங்க, அதைப் போட்டதுக்குக் கடைவீதியில கலாட்டா, 1859லதான் மகாராஜா உத்தரவு வந்து ஜாக்கெட் போட்டுக்கலாம்னு ஆச்சு. அம்மா இந்தக் கதையை எங்க சொல்லுவான்னா, கூலி ஏத்துற அன்னிக்கு! "என்னக்கா ஒரு ஜாக்கெட்டுக்கு அஞ்சு ரூவாயா"ன்னு யாராவது மொனங்கினா, "எங்க பூட்டி இந்த ஜாக்கெட்டுக்கு அடி வாங்கியிருக்கா தாயி, நீ அஞ்சு ரூவாய்க்கு அழுவுற"ன்னு சொல்லுவா. அதுக்கப்புறம் எவ பேரம் பேசுவா.

1953ல கல்யாணம். அப்பா நீலகிரி மலையில அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில வேலை, மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்ல ஏறி வந்திருக்காங்க. கல்லாறு தாண்டினதும் பல்சக்கரத்துல ரயில் ஊர்ந்து ஏற ஆரம்பிக்குமே, அங்கயே அம்மாவுக்கு வாந்தி. குன்னூர்ல இறங்கினதும் வாயில இருந்து புகை வருதேன்னு பயந்துட்டாளாம். குவார்ட்டர்ஸ்ல முதல் ரெண்டு குளிர்காலம் எப்பிடித் தள்ளினான்னு அவளே சொல்ல மாட்டா, "அழுதேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவா.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிரணும். எங்க அப்பா குடிகாரர் இல்ல, சீக்கிரம் சாகவும் இல்ல. கவர்மென்ட் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஒழுங்கா வந்துச்சு, 1996 வரைக்கும் இருந்தாரு. அம்மா பத்திப் பேசுற எல்லாரும் "பாவம், கஷ்டப்பட்டு தைச்சு நாலு பிள்ளைங்களை வளத்தாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. தையல்காரி கதைன்னா அப்பிடித்தான் இருக்கணும்னு ஒரு எண்ணம். இல்லைங்க. அவ தைச்சது அவளுக்கு அது நல்லா வந்துச்சுங்கிறதால, அந்தக் காசு அவ காசுங்கிறதால. அப்பாகிட்ட கேக்காம போஸ்ட் ஆபீஸ்ல ஒரு பாஸ்புக் வெச்சிருந்தா, அப்பாவுக்குத் தெரியும், கேக்க மாட்டாரு. பின்னாடி ஜெகதளா ரோட்டுல வீடு வாங்குறப்ப அந்தப் பாஸ்புக்தான் முதல்ல வெளிய வந்துச்சு.

1957ல தவணையில உஷா பெடல் மிஷின் வாங்கினா. கல்கத்தாவுல செஞ்சது, கருப்பு உடம்பு, தங்க எழுத்து, இரும்பு ஸ்டாண்டு. ஊர்ப்பக்கம் தைக்கிறவங்களுக்கு இல்லாத தொல்லை ஒண்ணு மலையில உண்டு, ஈரம். அக்டோபர் பொறந்துட்டா குன்னூர், அருவங்காடு பக்கம் மழை பிடிச்சிரும், அடுத்து பனிமூட்டம், எதுவும் காயாது. மிஷினோட தோல் பெல்ட் ஈரத்துல நீண்டு தொளதொளன்னு ஆயிரும், பெடலை மிதிச்சா சக்கரம் சுத்தாம வழுக்கும். அம்மா பெல்ட்டைச் சேத்திருக்கிற கம்பிக் கொக்கியை இடுக்கியால நிமித்திக் கழட்டி, ஒரு முனையில கால் இஞ்ச் வெட்டி, ஆணியைக் கரியடுப்புல சுட வெச்சு புதுசா ஓட்டை போட்டு, மறுபடி கொக்கியை மாட்டி நெளிச்சு விடுவா. வெயில் வந்துட்டா அதே பெல்ட் சுருங்கி இறுக்கிக்கும், அப்ப ஒரு துண்டு சேத்து ஒட்டணும். ஊசிங்களை மிஷின் எண்ணெய் தடவின துணியில குத்தி வெச்சிருப்பா, இல்லன்னா ஒரே வாரத்துல துரு. கை மரத்துப்போனா கும்முட்டி அடுப்பு மேல காட்டிட்டு வந்து உக்காருவா. வெள்ளைத் துணி தைக்கிற அன்னிக்கு மட்டும் கும்முட்டி பக்கமே போக மாட்டா, கரி ஒட்டிக்கும்னு.

கைஊசிக்குப் பஞ்சமே இல்ல, ஏன்னா இந்தியாவுக்கே ஊசி போற ஊர் எங்களுக்குப் பக்கத்துல. கேத்தி எல்லநள்ளியில 1949ல ஆரம்பிச்ச நீடில் ஃபேக்டரி, போனி ஊசின்னு பாக்கெட்ல குதிரை போட்டு வருமே அதேதான். எங்க லைன்லயே ரெண்டு மூணு வீட்டுக்காரங்க அங்க வேலைக்குப் போனாங்க. சொந்தக்காரங்க ஊர்ல இருந்து வந்தா ஆளுக்கு வர்க்கி கொண்டுபோவாங்களோ இல்லியோ, அம்மா ஊசி பாக்கெட் வாங்கிக் குடுத்து அனுப்புவா. அதுக்கு மட்டும் காசு கேக்க மாட்டா.

எங்க வீட்டுக் காஜா பையன் நான்தான். அக்காங்க ரெண்டு பேரும் ஹெம்மிங், நான் காஜா, தம்பி பாபின்ல நூல் சுத்துறது. காஜான்னா தெரியுமில்ல, பட்டன் ஓட்டை. பிளேடால கீறி, மெழுகுல இழுத்த நூலால சுத்திச் சுத்தி நெருக்கமா குத்தி முடிக்கணும், ரெண்டு முனையிலயும் பூட்டுத் தையல் போடணும், இல்லன்னா நாலு தடவை பட்டன் போட்டா வாயைப் பொளந்துரும். அம்மா பட்டனை உள்ள விட்டு சட்டையை உதறிப் பாப்பா, பட்டன் தானா வெளிய வந்துட்டா "பிரி". ஒரு காஜாவுக்கு அஞ்சு பைசா எனக்குக் கூலி. பிரிச்சுத் திருப்பிப் போட்டதுக்குக் கூலி கிடையாது. நோட்டுல எழுதி, சனிக்கிழமை கணக்கு முடிச்சுக் குடுப்பா, மறுநாள் அதுல இருந்து பத்துல ஒரு பங்கு நானே காணிக்கைப் பையில போடணும். பிள்ளைங்கள வேலை வாங்குறான்னு பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி சொன்னதுக்கு, "சும்மா வாங்கினாத்தான் தப்பு"ன்னு சொல்லிட்டா.

அந்த அளவு நோட்டுங்க பத்தி தனியா சொல்லணும். நாப்பது பக்க நோட்டு, ஏகப்பட்டது, தகரப் பெட்டி நிறைய இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம், பேரு எழுத மாட்டா, "ஸ்டோர்கீப்பர் சம்சாரம்", "கோயில்பிள்ளை மூத்த மக", "வெலிங்டன் பால்காரக்கா" இப்பிடி. கீழ தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி, முன்கழுத்து, பின்கழுத்து. அடுத்த தடவை அளவு மாறினா பழசை ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு பக்கத்துல புதுசு எழுதுவா, ரப்பர் வெச்சு அழிக்கவே மாட்டா. அதனால ஒரு பக்கத்தைப் பாத்தா ஒரு பொம்பளையோட முப்பது வருஷம் தெரியும். 32, 34, அப்புறம் 36, பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என்னன்னு ரொம்ப நாள் கழிச்சு அக்காதான் சொன்னா, முழுகாம இருக்காங்கன்னு அர்த்தம். வீட்டுக்காரருக்கே சொல்லாத நேரத்துல அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், டேப்பைப் போட்டதுமே தெரிஞ்சிருமாம். வாயைத் திறக்க மாட்டா. புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு உள்ள ஒரு இஞ்ச் துணி தாராளமா விட்டு, பக்கத் தையலை மூணு வரிசையா அடிச்சிருப்பா, உடம்பு போடப் போட ஒவ்வொண்ணா பிரிச்சுக்கலாம்.

ஒரு பக்கத்துல 38 அடிச்சு 33னு இருக்கு. அந்த அக்கா எங்க சபைதான், பேரு வேண்டாம். வேலூருக்குப் போயி ஒரு பக்கத்து மார்பை எடுத்துட்டு வந்தாங்க, 1970கள் கடைசி இருக்கும். அதுக்கப்புறம் சர்ச்சுக்கே வர்றதில்ல, வந்தாலும் சால்வையைப் போத்திக்கிட்டு கடைசி பெஞ்சு. அம்மா ஒருநாள் டேப்பை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனா. ஜாக்கெட்டுக்குள்ள லைனிங்ல ஒரு பை மாதிரி தைச்சு முதல்ல பஞ்சு வெச்சுப் பாத்தா, சரிவரல, பஞ்சு மேல ஏறிக்குது, நடந்தா ஒரு பக்கம் தூக்கிக்குது, கனம் இல்லியே. அப்புறம் மல்லுத் துணியில சின்னப் பை தைச்சு ராகியைக் கொட்டி அதைச் சுத்திப் பஞ்சு வெச்சா. கனமும் ஆச்சு, உடம்போட அசையவும் அசைஞ்சுது. எத்தனை கரண்டி ராகின்னு கூட நோட்டுல இருக்கு. துவைக்கிறப்ப கழட்டிக்கிறதுக்கு உள்பக்கமா ரெண்டு கொக்கி. முடிச்சு எடுத்துட்டுப் போயி குடுத்துட்டு, வழக்கமான ஜாக்கெட் கூலியோட ரெண்டு ரூபா சேத்து வாங்கிட்டு வந்தா. எனக்கு அப்ப பதினாறு பதினேழு வயசு, சபையில கேக்குற பிரசங்கம் எல்லாம் தலையில ஏறியிருந்த நேரம், "அவங்ககிட்ட போயி எப்பிடிம்மா காசு வாங்குன"ன்னு சண்டை போட்டேன். அம்மா துணியை வெட்டிக்கிட்டே சொன்னா: "ஏல, காசு வாங்காம தச்சேன்னு வையி, இடுக்குது, குத்துதுன்னு அவளால சொல்ல முடியுமா? நல்லாருக்குக்கான்னு பொய் சொல்லிட்டு பெட்டியில வெச்சிருவா. இப்ப பாரு, நாளைக்கே வந்து கொற சொல்லுவா." மறுநாள் இல்ல, ஒரு வாரம் கழிச்சு வந்தாங்க, கைக்குழி பிடிக்குதுன்னு சொன்னாங்க, அம்மா பிரிச்சுக் குடுத்தா. ஈஸ்டருக்கு அந்த அக்கா நடு பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, சால்வை இல்லாம.

அம்மாவோட பக்தியைப் பத்திச் சந்தேகமே வேண்டாம். ஞாயித்துக்கிழமை மிஷின் மேல துணி போட்டு மூடிருவா, என்ன அவசரம்னாலும் தொட மாட்டா. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு, சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தையும் முடியற வரைக்கும் சாப்பிட மாட்டா. பாமாலைங்கிற சர்ச்சுப் பாட்டுப் புஸ்தகம் பாதிக்கு மேல மனப்பாடம், பெடலோட தாளத்துக்கு ஏத்த மாதிரி இழுத்துப் பாடுவா, வேகமா தைச்சா பாட்டும் வேகமா ஓடும். சர்ச்சு பீடத் துணி அவ பொறுப்பு, லெந்துக்கும் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) அட்வெந்துக்கும் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) ஊதா, பண்டிகைக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மத்த நாளுக்குப் பச்சை. கொயர் பிள்ளைங்களுக்கு அங்கி, திடப்படுத்தலுக்கு (வளந்த பிள்ளைங்க விசுவாசத்தை உறுதி சொல்லுற சடங்கு) பெண்பிள்ளைங்களுக்கு வெள்ளை உடுப்பு. எல்லாத்துக்கும் சபைக்கு பில்லு குடுத்தா. முதல் தடவை கமிட்டியில பெரிய பேச்சு ஆயிருக்கு, சர்ச்சுக்குத் தைக்கிறதுக்குக் கூலியான்னு. அம்மா போயி, "பெஞ்சு ரிப்பேர் பண்ண ஆசாரிக்குக் குடுத்தீங்கள்லா, வெள்ளையடிச்சவனுக்குக் குடுத்தீங்கள்லா"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டா. குடுத்துட்டாங்க. அதுல தசமபாகம், அதான் பத்துல ஒரு பங்கு, எடுத்து மறு வாரமே சர்ச்சுல கட்டினா.

கட்டினாளா, அங்க அடுத்த பிரச்சனை. குடும்பத்துக்கு ஒரு சந்தா, குடும்பத்தலைவர் பேர்ல ஒரு ரசீது, இதுதான் வழக்கம். அம்மா தன் பேர்ல தனி ரசீது வேணும்னு நின்னா. "ஐயா சம்பளம் ஐயா பேர்ல, என் கூலி என் பேர்ல." பொருளாளர் அப்பாவைப் பாக்குறாரு, அப்பா ஜன்னலைப் பாக்குறாரு. கடைசியில எழுதிக் குடுத்தாங்க. சந்தா கட்டின பேருக்குத்தானே சேகர (பல சபைங்க சேந்த நிர்வாகம்) எலெக்‌ஷன்ல ஓட்டு, அதனால அம்மாவுக்கு அவ பேர்லயே ஓட்டும் வந்துச்சு, அப்பாவுக்கு எதிர் அணிக்கு அவ ஓட்டுப் போட்ட வருஷம்கூட உண்டு. அதைப் பாத்துட்டு பெண்கள் ஐக்கிய சங்கத்துல இன்னும் நாலஞ்சு பேரு, டீச்சர் வேலை பாக்குறவங்க, நீடில் ஃபேக்டரிக்குப் போறவங்க, தனி ரசீது கேட்டு வாங்கினாங்க. 2013ல சிஎஸ்ஐயில (தென்னிந்தியத் திருச்சபை, எங்க சபை அதுலதான்) முதல் பெண் பிஷப்பா புஷ்பலலிதா அம்மாவை நந்தியால்ல அபிஷேகம் பண்ணின செய்தி வந்தப்ப நான்தான் வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப சந்தோஷப்படுவான்னு பாத்தா, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அந்த அங்கியில டாட் எங்கல புடிச்சிருப்பான்"னு கேட்டா. டாட்னா மார்புக்கு வடிவம் வர மடிச்சுத் தைக்கிறது.

டிசம்பர்தான் உச்சம். ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் ஃப்ராக், பட்டு ஜாக்கெட், இன்னொரு பக்கம் படுக வீட்டுக்காரங்க ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை ஜாக்கெட் கேட்டு வருவாங்க, டூ பை டூ துணி கட்டுக் கட்டா. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் ஆபீசர்ங்க வீட்டம்மாங்க வேற, வருஷா வருஷம் புது பேட்ச் வரும், எல்லா மாநிலமும் வரும். சல்வார் அப்பிடித்தான் அம்மாவுக்கு அறிமுகம். ஒரு பஞ்சாபிக்கார அம்மாகிட்ட கிழிஞ்ச பழைய சல்வார் ஒண்ணைக் கேட்டு வாங்கி, தையலை ஒண்ணு விடாம பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் தினத்தந்தி மேல பரப்பி வரைஞ்சு, கத்திரிச்சு, மறுபடி அந்தச் சல்வாரையே தைச்சு முடிச்சு, கிழிசலையும் அடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டா. அதுதான் அவ படிச்ச ஃபேஷன் டிசைனிங். தினத்தந்தி பக்கம் ஒரு ஜாக்கெட் முன்பாகத்துக்குச் சரியா வரும், வேற பேப்பர் ஆகாதுன்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க வீட்ல மிஷின் ஓடுற சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல யாரோ தவறிட்டாங்கன்னு அர்த்தம். சவப்பெட்டிக்கு உள்ள சுருக்கு வெச்ச வெள்ளைத் துணி தைக்கணும், விடியுறதுக்குள்ள. அதுக்கும் கூலி உண்டு, பாதி. குழந்தைங்க பெட்டிக்கு வாங்க மாட்டா, அன்னிக்கு எங்களையும் காஜா, ஹெம்மிங்னு எதுக்கும் கூப்பிட மாட்டா.

ரெடிமேட் வந்தப்புறம் வேலை குறைஞ்சுதான் போச்சு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் முதல்ல போச்சு, ஸ்கூல்லயே துணியும் தையலும் சேத்து பெரிய கடைக்குக் காண்ட்ராக்ட் விட்டுட்டாங்க, வருஷா வருஷம் ஜூன் மாசம் ப்ளீட் வெச்ச பாவாடையா அடுக்கி வெச்சிருந்த திண்ணை காலியாச்சு. அம்மா அதுக்காக ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி தெரியல, ப்ளீட் அயர்ன் பண்றது அவளுக்கு எப்பவுமே எரிச்சல்.

2009 நவம்பர்ல நீலகிரியில மண்சரிவு வந்து நாப்பது பேருக்கு மேல செத்தாங்களே, கேத்தி பக்கம், குன்னூர் ரோடு, எல்லாம் நாசம். ரோடும் ரயிலும் நின்னு போச்சு. எங்க சர்ச்சு ஹால்ல நிவாரணத் துணி மூட்டை மூட்டையா வந்து இறங்குச்சு, எங்கெங்கயோ இருந்து. அம்மாவுக்கு அப்ப 77. ஒரு மூட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டு அவளுக்கு வந்த கோவத்தை நான் வேற எப்பவும் பாத்ததில்ல. பட்டன் இல்லாத சட்டை, ஜிப் பிஞ்ச பேன்ட், அக்குள் கிழிஞ்ச நைட்டி, கறை பிடிச்ச பிளவுஸ். "குடுக்கிறவன் ஆண்டவருக்குக் குடுத்தேன்னு சொல்லுவான், இதப் போடுறவன் என்ன சொல்லுவான்?" பாதியைக் கரித்துணிக்கு ஒதுக்கிட்டா. மீதியை ஹால்லயே உக்காந்து, பெண்கள் சங்கத்துல இருந்த அத்தனை பேரு கையிலயும் ஊசியைக் குடுத்து, பட்டன் வெச்சு, ஓரம் அடிச்சு, இஸ்திரி போட்டு மடிச்சு அனுப்பினா. கூலி கேக்கல. அதை வெச்சுத்தான் அடக்க ஆராதனையில "காசு எதிர்பாராம"ன்னு வந்துச்சு போல. ஒரு மாசத்தை எடுத்து அறுபது வருஷத்து மேல விரிச்சுட்டாங்க.

கண்ணுல புரை வந்து ஆபரேஷன் பண்ணியும் 2015க்கு மேல புதுத் துணி வெட்டுறதை விட்டுட்டா. வெட்டுறதுல தப்பு வந்தா அடுத்தவ துணி போச்சுன்னு. கிழிசல் தைக்கிறது, ஃபால்ஸ் வைக்கிறது மட்டும். ஊசி கோக்க முடியாது, பேத்திங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி வரிசையா கோத்துக் குத்தி வெச்சுட்டுப் போகணும், நீள நூலா விட்டா திட்டு, "நீள நூலு சோம்பேறி நூலுடி". கடைசி ஒரு வருஷம் படுக்கைதான், அதைப் பத்தி எழுத எனக்கு இஷ்டமில்ல.

அடக்கம் முடிஞ்சு ரெண்டாவது வாரம் ஒரு வயசான அம்மா கம்பு ஊணிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. நடு பெஞ்சுல உக்காந்த அதே அக்காதான். நாப்பது ரூபா பாக்கி இருக்குன்னு குடுத்தாங்க. நோட்டைப் புரட்டினா உண்மைதான், இருக்கு. வேணாம்னு சொல்ல வாயெடுத்த தம்பியை எங்க அக்கா ஒரு முறை முறைச்சா, வாங்கிக்கிட்டோம். அதுல நாலு ரூபாயை சர்ச்சு ஆபீஸ்ல கொண்டுபோயி அம்மா பேர்ல ரசீது கேட்டேன். இறந்தவங்க பேர்ல சந்தா போட முடியாது, நினைவுக் காணிக்கைன்னு உங்க பேர்ல போடலாம்னாங்க. வேலை அவ செஞ்சது, கூலி இப்பதான் வந்துருக்குன்னு விளக்கினேன். பின்னாடி ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு ஆளுங்க நிக்கிறாங்க, ஆபீஸ்ல இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டாரு.

தகரப் பெட்டிக்குள்ள இன்னும் தைக்காத துணி கொஞ்சம் இருக்கு, குடுத்தவங்க வாங்காமப் போனது. மெரூன் பட்டு ஜாக்கெட் பீஸ் ஒண்ணு, 2014 கிறிஸ்துமஸ்னு துண்டுச் சீட்டு குத்தியிருக்கு, அளவு 36, கை முழங்கை வரைக்கும். பச்சையில மாம்பழக் கரை போட்டது ஒண்ணு, "குன்னூர் நர்ஸம்மா தங்கச்சி"ன்னு இருக்கு. வெள்ளை டூ பை டூ மூணு, லைனிங்கோட. அருவங்காடு, வெலிங்டன் பக்கம் யாருக்காவது அடையாளம் தெரிஞ்சா வந்து வாங்கிக்கோங்க, சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்லதான் இருப்பேன். வெட்டவே இல்ல, அதனால கூலி எதுவும் தர வேண்டியதில்ல.